நான் குடிக்காத விஸ்கி

போன வருடம் பனி கரைந்து, தெருவோரமெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. இடம், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் ஸ்ட்ரீட்கார் என்கிற ட்ராம் ஓடும் தெரு ஒன்றில் இருக்கும் பழைய பார். நான் வாழ்க்கையில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. பாருக்குள் கால் வைத்ததே அன்றுதான் முதல் தடவை. ஆனால் வெளியே வரும்போது, குடித்துத் திருந்திய மனிதனாக வந்தேன். அது எப்படி நடந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்காவது விளங்குகிறதா பாருங்கள்.

நான் யாழ்ப்பாணத்து ஆள். கனடா வந்து பல காலம் பதினெட்டுச் சில்லு ட்ரக் ஓட்டினேன். ரொறன்ரோவில் சாமான் ஏற்றினால் ரெக்சாஸ் வரைக்கும் போய் இறக்கிவிட்டு, அங்கே கிடைத்ததை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். வீட்டில் நின்றதெல்லாம் விருந்தாளி மாதிரித்தான். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ரேடியோவை எந்தப் பக்கம் திருப்பினாலும் கன்ட்ரி பாட்டுத்தான் வரும். தொப்பியும் பூட்ஸும் போட்ட நாட்டுப்புறத்து வெள்ளைக்காரர் கிற்றாரைத் தட்டிக்கொண்டு மூக்கால் பாடுவார்களே, அந்தப் பாட்டு. சொல்லை நான் கவனித்ததே இல்லை. நித்திரை வராமல் இருந்தால் எனக்குப் போதும். வீட்டுக்கு வந்தும் அந்த மெட்டுகளை முணுமுணுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன் போலும். அது போய் ஒட்டிக்கொண்டது என் ஒரே மகளிடம்.

மற்ற வீட்டுப் பிள்ளைகள் மிருதங்கம், பரதம், வயலின் என்று அரங்கேற்றம் செய்துகொண்டிருக்க, எங்கள் வீட்டுப் பிள்ளை சங்கீத வகுப்பை விட்டுவிட்டுக் கிற்றாரோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியது. தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, சனி ஞாயிறுகளில் எங்கெங்கோ போய்ப் பாடியது. படிப்பை முடித்து மிசிசாகாவில் நல்ல வேலையும் கிடைத்துவிட்டதால், இது ஒரு பொழுதுபோக்கு, கலியாணம் கட்டினால் சரியாகிவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அந்தக் குளிர்காலத்தில்தான் குண்டைப் போட்டாள். வேலையை விடப் போகிறாளாம். ஒரு பாண்ட் கூப்பிட்டிருக்கிறதாம். கோடை முழுக்க ஒரு வான் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பாடப் போகிறாளாம்.

"உனக்கென்ன விசரே?" என்று தொடங்கிய என் மனைவி, பங்குனி மாதம் வரை அதை நிறுத்தவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் மத்தளம். கடைசியில் மகள் ஒரு வழி சொன்னாள். அப்பா ஒருநாள் வந்து நான் பாடுவதைக் கேட்கட்டும், கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னாலும் அதுதான் முடிவு, வேண்டாம் என்றால் போகமாட்டேன் என்றாள். மனைவியும் அதற்குச் சம்மதித்தாள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று அவளுக்குப் பூரண நம்பிக்கை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் பாருங்கள், பிள்ளை மேடையேறும்போது தகப்பன் தனியாகப் போய்க் குந்தினால் மரியாதையா? நாலு சனம் வேண்டாமா? அதனால் பக்கத்து வீட்டு அண்ணையையும் அவருடைய மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணை கோயில் திருவிழா, கலைவிழா, செத்தவீட்டு அந்தியேட்டி என்று எல்லாவற்றிலும் முன்வரிசையில் நிற்பவர். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, அவர் காதில் விழுந்தது நாங்கள் இருக்கிற ஸ்காபரோ முழுவதற்கும் கேட்கும். அன்று கோட்டும் சூட்டும் போட்டு, கையில் ஒரு பையோடு வந்தார். பைக்குள் சரிகை போட்ட பொன்னாடை. பிள்ளை பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் ஏறிப் போர்த்திவிடுவோம், எங்கட பண்பாட்டை அவங்களும் பார்க்கட்டும் என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

உள்ளே போனதும் எங்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. எங்களுடைய விழாக்களில் மேடையில் ஒருவர் பாடுவார், கீழே சனம் கதைக்கும், பிள்ளைகள் ஓடும், பின்னால் ரோல்ஸும் வடையும் விற்பார்கள். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஒருவர் பாடத் தொடங்கினால் அத்தனை பேரும் கல்லாய்ச் சமைந்து இருக்கிறார்கள். கையில் இருக்கிற கிளாசைக்கூடச் சத்தம் வராமல் வைக்கிறார்கள். பாட்டுப் பிடிக்கவில்லையோ என்று அண்ணை என் காதுக்குள் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இடையில் அண்ணையின் போன் சுப்ரபாதம் பாடியது. கூட்டமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசையில் தனியாக இருந்த ஒரு பெரிய உருவம், தொப்பி போட்ட வயதான வெள்ளைக்காரர், எங்களை ஒரு பார்வை பார்த்தார். அதன்பிறகு நாங்கள் மூச்சு விடுவதையும் குறைத்துக்கொண்டோம்.

மகளின் முறை வந்தது. மூக்குத்தி, நீலச் சட்டை, முழங்கால் வரை பூட்ஸ். வடிவாகத்தான் இருந்தாள், பொய் சொல்லக்கூடாது. மைக்கில் அவள் சொன்ன முதல் விஷயமே, என் அப்பா இன்றைக்குத்தான் முதல் தடவையாக என் பாட்டைக் கேட்க வந்திருக்கிறார், இந்தப் பாட்டு அவருக்காக என்பதுதான். தூணடியில் இருந்த எங்கள் மேசையைக் கைகாட்டினாள். கூட்டம் திரும்பிக் கைதட்டியது. நான் சும்மா இருந்திருக்கலாம். எழும்பி நின்று, தேர்தலில் வென்றவன் மாதிரி நாலு பக்கமும் கும்பிட்டேன்.

பாட்டின் முதல் அடி ஒரு ட்ரக்கைப் பற்றி. நீலநிற ட்ரக், பனி, இருட்டில் ஒரு சின்னப் பிள்ளை ஜன்னலில் நின்று பார்க்கிறது, பின் விளக்குகள் சிவப்பாக வளைந்து போய் மறைகின்றன. எனக்கு மயிர் கூச்செறிந்தது. அது என்னுடைய நீல ட்ரக்! அப்போது நாங்கள் வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். சாமான் ஏற்றும் ட்ரெயிலரைக் கம்பனி யார்டில் விட்டுவிட்டு, ட்ரக்கின் தலைப்பகுதியை மட்டும் கொண்டுவந்து பின்பக்கத்துக் கடைத்தொகுதியில் நிறுத்துவேன், கடைக்காரர் தெரிந்தவர். எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் அது தெரியும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குனிந்து அண்ணையிடம் சொன்னேன்:

"அண்ணை, உது என்ர ட்ரக்தான். என்னைப் பற்றித்தான் பாடுறாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இரண்டாவது அடியில் அந்த ட்ரக்கின் சீற்றுக்குக் கீழே ஒரு விஸ்கிப் போத்தல் வந்தது. நான் பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. அப்பா வரும்போது போத்தலும் வருகிறது. அப்பாவின் கை நடுங்குகிறது. அப்பா பிறந்தநாளை மறந்துபோகிறார். குசினியில் அம்மா ஒருவருக்கும் கேட்காமல் அழுகிறாள். பிறகு ஒருநாள் அந்தச் சிவப்பு விளக்குகள் போய்த் திரும்பி வரவே இல்லை.

அடக் கோதாரி! திருடனுக்குத் தேள் கொட்டினது போல இருந்தேன். கத்தவும் முடியாது, எழும்பி ஓடவும் முடியாது. நான்தானே ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று வாக்குமூலம் கொடுத்தவன்! கடைக்கண்ணால் பார்த்தேன். அண்ணையின் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அண்ணை மெதுவாகக் காலால் அந்தப் பொன்னாடைப் பையைக் கதிரைக்குக் கீழே தள்ளினார். இந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்தேன்? யாரைப் பற்றிப் பாடுகிறாள்? நான் வீட்டில் இல்லாத நேரத்தில் வேறு ஏதாவது நடந்ததா? ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், நான்தான் குடித்துவிட்டு மறந்துபோனேனோ என்றுகூட யோசித்தேன்.

கடைசி அடியில் அந்த அப்பா திரும்பி வருகிறார். வயதாகிவிட்டது, போத்தல் இல்லை, வாசலில் நிற்கிறார். மகள் கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான், அதோடு பாட்டு முடிந்தது. பிறகு கூட்டம் எழும்பி நின்று கைதட்டியது. மகளைப் பார்த்து இல்லை, பாதிப்பேர் என்னைப் பார்த்து. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பவும் கும்பிட்டேன்.

அண்ணையும் மனைவியும் வேறு ஒரு அலுவல் இருக்கிறது என்று அவசரமாகப் புறப்பட்டுவிட்டார்கள். மகள் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். நல்ல பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கத்து மேசைக்காரர் எழும்பி வந்து எனக்கு முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். என் கையைப் பிடித்தார். விடவில்லை.

தானும் ட்ரக் ஓட்டியவன் என்றார். தனக்கும் போத்தல் இருந்தது என்றார். தனக்கும் ஒரு மகள், மேற்கே எங்கோ தூரத்தில் இருக்கிறாள், பல காலமாகக் கதைப்பதில்லை என்றார். அவருடைய கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு பெரிய மனிதர் ஒரு சின்னப் பிள்ளை மாதிரி என்னிடம் கேட்டார், உன்னுடைய மகளை நீ எப்படித் திரும்பப் பெற்றாய் என்று.

ஐயா, நான் குடிக்கிறவன் இல்லை, இது வெறும் பாட்டு என்று சொல்ல வேண்டும். அதுதான் உண்மை. அதைச் சொல்ல நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. என் மானம் மரியாதை எல்லாம் அந்த ஒரு வசனத்தில் இருந்தது. ஆனால் அவருடைய தோளுக்குப் பின்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். கிற்றார் பெட்டியை இறுக்கிப் பிடித்தபடி, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னால் அவள் பொய்க்காரி. அதைவிட, இந்த மனிதர் பிடித்துக்கொண்டிருக்கிற என் கைக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். எனக்கு மூளை வேலை செய்யவில்லை. எனக்குத் தெரிந்த ட்ரக்கர் இங்கிலீஷில், நான் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன், அவள் அங்கே இருந்தாள் என்று சொன்னேன்.

அது பொய் இல்லை. நீண்ட ஓட்டத்தை விட்டுவிட்டு நான் வீட்டோடு வந்தது உண்மைதான். நாரி நோவால், குனிந்து நிமிர முடியாமல் வந்தேன், அது வேறு கதை. இப்போது ரொறன்ரோவுக்குள்ளேயே பேக்கரிச் சாமான் கொண்டுபோகும் சின்ன வானோடு சரி. அந்த மனிதர் நான் சொன்னதைத் தனக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தொப்பியை மற்றக் கையில் பிடித்தபடி நிற்பது தெரிந்தது. மற்றப் பக்கத்தில் யாரும் எடுத்தார்களா, இல்லையா, எனக்குத் தெரியாது. நாங்கள் காரை எடுத்துக்கொண்டு புறப்படும்போதும் அவர் அப்படியே நின்றார்.

காருக்குள் ஏறியதும் எனக்குக் கோபம் வந்தது. ஏன் இப்படிச் செய்தாய், என்ர பேரை ஏன் நாறடித்தாய் என்று கத்தினேன்.

"அப்பா, இட்ஸ் அ சோங், ஓகே?" என்றாள். பிறகு, "அப்பா வேலைக்குப் போனார் எண்டு பாடினா ஒருத்தரும் ஃபீல் பண்ணமாட்டினம். எல்லாற்ற அப்பாவும்தான் வேலைக்குப் போறவை. ஆனா எனக்கு சாட்-ஆ, கவலையா இருந்தது. அதுக்கு ஒரு ரீசன் வேணும் எண்டு போத்தலைப் போட்டனான்."

"ஏன் பிள்ளை, போத்தலுக்குப் பதிலா ஒரு சீனி வருத்தத்தைத் தந்திருக்கலாமே எனக்கு?"

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மனதுக்குள் அந்த 'சாட்' என்ற ஒரு சொல் நின்றுவிட்டது. நான் சாப்பாட்டுக்காக ஓடினேன், வீட்டு மோட்கேஜ் கடனுக்காக ஓடினேன், இந்தப் பிள்ளையின் கிற்றாரும் அந்த ஓட்டத்தில்தான் வாங்கியது. அதில் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை ஜன்னலில் நின்றிருக்கிறது. அதுவும் உண்மை. இதில் எதை எதோடு கழிப்பது?

வீட்டுக்கு வந்தால் மனைவி கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அண்ணையின் மனைவி போன் எடுத்தாகிவிட்டது. உன்ர மனுசன் முந்திக் குடிக்கிறவராமே, ஏன் தங்கச்சி எங்களிட்டைச் சொல்லேல்லை, தனிய எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாய் என்று அழுதாராம். மகள் மெல்ல மாடிக்குப் போய்விட்டாள். நான் குசினியில் மனைவிக்குப் பாட்டு முழுவதையும் அடி அடியாகச் சொன்னேன். விஸ்கி வந்த இடத்தில் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். என் பக்கம் ஆள் சேர்ந்துவிட்ட உசாரில் நான் சொன்னேன்:

"அதோடை விட்டாளே? நீர் குசினியிலை நிண்டு ஒருத்தருக்கும் கேக்காம அழுறீராம். எப்பிடிக் கதை?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கழுவிக்கொண்டிருந்த சட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"உது அவளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். பிறகு, "தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டிட்டுத்தான் அழுறனான். கேக்காது எண்டு நினைச்சன்."

எத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், எனக்கு இது தெரியாது. என் மகள் அந்தப் பாட்டில் போத்தலையும் நான் திரும்பி வராமல் போனதையும்தான் பொய்யாக வைத்திருக்கிறாள். மற்றதெல்லாம் இருந்தபடிதான் இருந்திருக்கிறது. அதைப் பாடாமல் வேறு எப்படி எனக்குச் சொல்லியிருப்பாள்?

மனைவியே கேட்டாள், இப்ப என்ன முடிவு என்று. போகட்டும் என்றேன். குடிகாரன்ர பிள்ளை எண்டு சனம் சொல்லும் என்றாள். சொல்லட்டும் என்றேன். நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் சட்டியைத் திரும்ப எடுத்தாள்.

ஜூன் மாதம் ஒரு காலை நேரம், மகளை ஏற்ற அந்த வான் வந்தது. பெட்டி, கிற்றார், மனைவி கட்டிக்கொடுத்த இடியப்பம், சம்பல் எல்லாம் ஏறியது. அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்து அண்ணை இறங்கி வந்தார். கையில் அதே பை. பாண்ட் பெடியள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, நடைபாதையில் வைத்து அந்தப் பொன்னாடையை எடுத்து உதறி மகளுக்குப் போர்த்தினார். "நல்லாப் பாடு பிள்ளை" என்றார். பிறகு என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், என் தோளில் கையை வைத்து மிக மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, இப்ப முற்றா விட்டிட்டீர்தானே?"

எத்தனை தடவை இந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லியாகிவிட்டது! எத்தனை தடவை சொன்னாலும், வெட்கத்தில் மறைக்கிறான் என்றுதான் அவர் நினைத்தார். நான் மகளைப் பார்த்தேன். ஜீன்ஸுக்கு மேல் சரிகைப் பொன்னாடையோடு வானுக்குள் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஓம் அண்ணை, விட்டிட்டன்" என்றேன்.

அவர் சந்தோஷத்தில் என் தோளை இறுக்கிப் பிடித்தார். வான் வெளிக்கிட்டுத் தெருமுனையில் நின்று, பின் விளக்கு சிவப்பாக எரிந்து, வளைந்து மறைந்தது. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதுவரை நான் எப்போதும் உள்ளே இருந்து ஓட்டியவன், வெளியே நின்று பார்த்ததில்லை. திரும்பி வீட்டுக்குள் வந்தேன். குசினியில் தண்ணிப் பைப் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. முந்தியென்றால் பாத்திரம் கழுவுகிறாள் என்று போய்ச் செய்தி பார்க்க இருந்திருப்பேன். அன்றைக்குப் போய்ப் பைப்பைப் பூட்டிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

குடிக்காத குடிக்கு ஊரெல்லாம் எனக்குக் கொடுத்த மன்னிப்பை என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் கொஞ்சம் நீண்டால் இப்போதெல்லாம் நான் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.